ஜேம்ஸ் தாமசன்: ஒரு போதகரின் மகனும் கிராமப் பள்ளிகளும்

1853ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், வட இந்தியாவிலுள்ள பரேலி நகரில், வடமேற்கு மாகாணங்களின் துணை ஆளுநராயிருந்த ஜேம்ஸ் தாமசன் தமது 49ஆம் வயதில் காலமானார். அவர் உயிர் பிரிந்த அதே நாளில், இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் அவரைச் சென்னை மாகாணத்தின் ஆளுநராக நியமிக்கும் ஆணையில் கையொப்பமிட்டார். ஆணை புறப்பட்டபோது அதைப் பெறவேண்டியவர் கல்லறைக்குச் சென்றுவிட்டார். சென்னைக்கு வரவேண்டியவர் வராமலே போனதால், தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும் இந்தியக் கிராமக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் அவரை விட்டுவிட்டு எழுதமுடியாது.

அவருடைய வாழ்க்கையை நாம் ஆராய வேண்டியதற்குக் காரணம் வேறொன்றும் உண்டு. ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசமுடைய ஒருவர், பல சமயத்தார் வாழும் ஒரு நாட்டில் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும்போது, அந்த விசுவாசம் அவருடைய அலுவலில் எவ்வுருவில் வெளிப்படவேண்டும்? இக்கேள்வி தாமசனோடு முடிந்துவிடவில்லை. பள்ளித் தாளாளராகவும், தலைமையாசிரியராகவும், அரசு அலுவலராகவும் பணிபுரியும் நம் சபையார் இன்றும் இதற்கு விடை தேடுகின்றனர்.

1. போதகர் வீட்டுப் பிள்ளை

ஜேம்ஸ் தாமசன் 1804ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள கிரேட் ஷெல்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் ட்ரூபடி தாமசன், கேம்பிரிட்ஜில் சுவிசேஷ எழுச்சியின் தூணாக விளங்கிய சார்லஸ் சிமியோனின் உதவிக் குருவாயிருந்தவர். அதே சிமியோனிடம் உதவிக் குருவாயிருந்த மற்றொருவர்தாம் ஹென்றி மார்ட்டின். மார்ட்டின் 1806இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து தாமசன் குடும்பமும் 1808இல் இந்தியாவுக்குப் புறப்பட்டது. அவர்கள் வந்த 'டிராவர்ஸ்' என்னும் கப்பல் வழியில் பாறையில் மோதி உடைந்தது. குடும்பத்தார் உயிர் தப்பினர். போதகரின் நூல்களும் உடைமைகளும் கடலில் போயின. அப்போது சிறுவன் ஜேம்ஸுக்கு வயது நான்கு.

தந்தையார் கல்கத்தாவின் பழைய மிஷன் ஆலயத்தில் குருவாகப் பணியாற்றினார். இவ்வாலயத்தைக் கட்டிய கீர்நாண்டர், கல்கத்தா செல்வதற்கு முன் 1740 முதல் 1758 வரை நம் கடலூரில் ஊழியம் செய்தவர் என்பதை நாம் அறிவோம். பெரிய தாமசன் ஆலயப் பணியோடு நின்றுவிடவில்லை. 1814இல் தலைமை ஆளுநர் மொய்ரா பிரபு வடநாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது அவரோடு குருவாகச் சென்றார். அங்குக் கண்ட அறியாமை அவர் உள்ளத்தை வருத்தியது. மாவட்டந்தோறும் மக்கள் மொழியில் பள்ளிகள் அமைக்கவேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்து ஆளுநரிடம் அளித்தார். அத்திட்டம் நிறைவேறவில்லை. 1829இல் அவர் மொரீஷியஸ் தீவில் மரித்தார். தந்தை எழுதிய தாள் கல்கத்தா அலுவலகக் கட்டுகளில் உறங்கிற்று. அதே எண்ணத்தை அதே நிலப்பகுதியில் மகன் செயற்படுத்தப் போகிறார் என்பதை அன்று யார் அறிந்திருக்கக்கூடும்?

ஜேம்ஸ் பத்து வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பாட்டியின் பராமரிப்பிலும் சிமியோனின் கண்காணிப்பிலும் வளர்ந்தார். ஆஸ்பெடன் ஹால் பள்ளியில் அவரோடு பயின்றவர் பிற்காலத்து மெக்காலே. ஒரே பள்ளியில் பயின்ற இவ்விருவரும் இந்தியக் கல்வியில் இருவேறு பாதைகளைத் திறந்தனர் என்பது கருதத்தக்கது. மெக்காலே 1835இல் எழுதிய குறிப்பு, ஆங்கிலம் கற்ற ஒரு சிறு கூட்டத்தாரை முன்னிறுத்திற்று. தாமசனோ உழவனுடைய மொழியையும் உழவனுடைய பிள்ளையையும் முன்னிறுத்தினார்.

2. ஆசம்கரில் ஐந்தாண்டுகள்

ஹெய்லிபரி கல்லூரியில் பயிற்சி பெற்று, 1822 செப்டம்பரில் தாமசன் கல்கத்தா வந்தார். சில ஆண்டுகள் தலைமை அலுவலகப் பதவிகளில் இருந்தபின், 1832இல் ஆசம்கர் மாவட்டத்தின் ஆட்சியராகத் தாமே மக்கள் நடுவே சென்றார். 1837 வரை அங்கிருந்த ஐந்தாண்டுகளே அவரை உருவாக்கின எனலாம்.

அக்காலத்தில் வடமேற்கு மாகாணங்களில் ராபர்ட் மெர்ட்டின்ஸ் பேர்ட் என்பவரின் தலைமையில் ஒரு பெரும் நிலவரித் திட்டம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிராமத்தின் எல்லையும் அளக்கப்பட்டது. ஒவ்வொரு வயலுக்கும் எண் இடப்பட்டது. இந்த வயல் யாருடையது, இதில் பயிரிடுகிறவன் யார், அவன் செலுத்தும் தொகை எவ்வளவு, எந்த உரிமையால் அவன் அதை அனுபவிக்கிறான் என்பவையெல்லாம் ஏட்டில் பதியப்பட்டன. தாமசன் ஊர் ஊராகக் கூடாரமடித்துத் தங்கி, மரத்தடியில் உழவர்களை அழைத்து அமரச்செய்து, அவர்கள் வழக்குகளைக் கேட்டு இவ்வேலையைச் செய்தார். பின்னர் அவர் எழுதிய நிலவரி அலுவலர்களுக்கான கையேடுகள் ஒரு தலைமுறை முழுவதும் வட இந்திய அதிகாரிகளின் பாடநூலாயின.

1839இல் அவர் தம் மனைவியை இழந்தார். தாயற்ற பிள்ளைகளை இங்கிலாந்தில் விட்டுத் தனியே திரும்பினார். 1842இல் தலைமை அரசின் அயலுறவுச் செயலரானார். 1843 டிசம்பரில் வடமேற்கு மாகாணங்களின் துணை ஆளுநரானார். ஆக்ராவைத் தலைநகராகக் கொண்டு, 2 கோடிக்கும் மேற்பட்ட மக்களை அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆண்டார்.

3. கணக்கேடும் அரிச்சுவடியும்

மாகாணத்தின் கல்வி நிலையை ஆராயத் தாமசன் 1845இல் முற்பட்டார். கிடைத்த விவரம் மனச்சோர்வு தருவதாயிருந்தது: பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளில் 100க்கு 5 பேருக்கும் குறைவானவர்களே ஏதேனும் கல்வி பெற்றனர்.

இங்கே தாமசனின் தனிச்சிறப்பான சிந்தனை தோன்றுகிறது. கல்வி நல்லது, ஆகவே கற்கவேண்டும் என்று உழவனிடம் சொல்வதால் பயன் இல்லை; கல்லாமையால் தனக்கு நேரும் இழப்பை அவன் காணவேண்டும் என்று அவர் கருதினார். இப்போது ஒவ்வொரு வயலின் உரிமையும் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. அந்த ஏட்டை வைத்திருப்பவன் பட்வாரி. அதாவது நம் பகுதிகளில் கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை எனப்பட்டவன். உழவனுக்கு எழுத்தறிவு இல்லையெனில், பட்வாரி எழுதுவதே சட்டம். ஒரு எண்ணைத் திருத்தினால் ஒரு குடும்பம் நிலத்தை இழக்கும். தன் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருப்பதைத் தானே படித்துப் பார்க்க வல்லவனுக்கே அந்த ஏடு பாதுகாப்பு. மற்றவனுக்கு அதுவே கண்ணி. ஆகவே நில உரிமையைப் பதிவு செய்த அரசு, அப்பதிவைப் படிக்கும் ஆற்றலையும் மக்களுக்கு அளிக்கக் கடமைப்பட்டுள்ளது என்பது அவருடைய வாதம். எழுத்து, எண், நில அளவை, பட்வாரியின் கணக்குமுறை ஆகிய நான்கும் அவருடைய தொடக்கப் பள்ளியின் பாடங்களாயின.

இவ்வாதத்தின் வலிமையைக் கிராமச் சபைகளில் ஊழியம் செய்தோர் எளிதில் உணர்வர். அடியேன் இளங்குருவாயிருந்த நாட்களில், பட்டாவையும் பத்திரத்தையும் மடியில் முடிந்துகொண்டு முதியோர் சிலர் 'ஐயர்' வீட்டுத் திண்ணைக்கு வருவர். அதில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்பர். பெயரைப் படித்துக் காட்டியதும் அவர்கள் முகத்தில் தோன்றும் நிம்மதியையும், சில வேளைகளில் அங்கே வேறொரு பெயர் இருக்கக் கண்டதையும் நான் மறக்கவில்லை.

4. தாசில் பள்ளியும் வட்டப் பள்ளியும்

1846இல் தாமசன் முன்வைத்த முதல் திட்டம் துணிவானது. 200 வீடுகள் கொண்ட ஒவ்வொரு கிராமத்திலும் பள்ளியாசிரியருக்குக் குறைந்தது 5 ஏக்கர் நிலத்தை மானியமாக விடவேண்டும் என்பது அதன் சாரம். கிராமத்துக் கோவிலுக்கும் கணக்கனுக்கும் மானியம் இருப்பதுபோல ஆசிரியனுக்கும் மண்ணில் ஒரு பங்கு இருக்கட்டும் என்பதே அதன் கருத்து. வரியற்ற நிலம் பெருகுவதை விரும்பாத கும்பெனி இயக்குநர்கள் இதனை மறுத்துவிட்டனர்.

தாமசன் சோர்ந்துவிடாமல் சிறிய திட்டமொன்றை வகுத்து 1848இல் அனுப்பினார். அது ஏற்கப்பட்டது. 1850 பிப்ரவரியில் பரேலி, ஷாஜகான்பூர், ஆக்ரா, மதுரா, மைன்புரி, அலிகர், பரூக்காபாத், எட்டாவா ஆகிய எட்டு மாவட்டங்களில் தொடக்கம் செய்யப்பட்டது. ஒவ்வொரு தாசில் தலைமையிடத்திலும் ஒரு மாதிரிப் பள்ளி. ஆசிரியருக்கு மாதம் 10 முதல் 20 ரூபாய் சம்பளம். பயிற்றுமொழி இந்தியும் உருதும். இவற்றுக்கு மேலாக, கிராமங்களில் ஏற்கெனவே இருந்த திண்ணைப் பள்ளிகளைச் சென்று காணவும், நல்லாசிரியரை ஊக்குவிக்கவும், நூல் வழங்கவும் பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டனர். இவர்கள் அனைவருக்கும் தலைவராக ஹென்றி ஸ்டுவர்ட் ரீட் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிகளை அழித்துப் புதியவற்றை நாட்டாமல், இருந்தவற்றைச் சீர்ப்படுத்தியதே இத்திட்டத்தின் விவேகம்.

அடுத்த படி 1851இல் மதுரா மாவட்டத்தில் தோன்றியது. பல கிராமங்களை ஒரு வட்டமாகச் சேர்த்து, எல்லாச் சிறுவரும் நடந்துவரக்கூடிய நடுவிடத்தில் ஒரு பள்ளி அமைக்கப்பட்டது. வட்டத்துக்கு அங்கு 'ஹல்கா' என்று பெயர். ஆகவே இவை ஹல்காபந்திப் பள்ளிகள் எனப்பட்டன. செலவுக்கு நிலவுடைமையாளர் தங்கள் நிலவரியில் 100க்கு 1 வீதம் கொடுக்க இசைந்தனர். இந்திய நாட்டில் கல்விக்கென விதிக்கப்பட்ட தலவரியின் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

இங்கு நம் மாகாணத்தின் அனுபவத்தையும் நினைக்கவேண்டும். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் செய்து, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதைக் கண்டார். 1826இல் தாசில்தோறும் பள்ளி அமைக்கத் திட்டமிட்டார். மறு ஆண்டே அவர் மரித்தார். ஆதரிப்பார் இல்லாமல் அப்பள்ளிகள் நலிந்து, 1836இல் கைவிடப்பட்டன. தாமசனின் திட்டம் பிழைத்ததற்குக் காரணம் பார்வையாளர்களும், வட்டமுறையும், உள்ளூர் நிதியும் ஆகும். அவர் இறந்து ஒரு மாதம் கழியுமுன்னரே, தலைமை ஆளுநர் டல்ஹவுசி இதனை வங்காளத்துக்கும் பஞ்சாபுக்கும் விரிவாக்கப் பரிந்துரைத்தார். 1854 ஜூலை 19ஆம் நாளிட்ட உட் கல்வி அறிக்கையும் அதைப் பாராட்டி ஏற்றது. நம் திருச்சபைப் பள்ளிகளுக்கு உதவிநிதி என்னும் ஏற்பாட்டைத் தந்ததும் அதே அறிக்கையே. சென்னைக்கு வராத ஆளுநரின் கை இவ்வழியாக நம் பள்ளிகளை எட்டிற்று.

5. ரூர்க்கி

1837–38இல் கங்கை யமுனை இடைநிலத்தைக் கடும் பஞ்சம் வாட்டியது. பல லட்சம் மக்கள் மாண்டனர். அப்பஞ்சத்தின் பின்விளைவாகப் பிராபி காட்லி என்னும் பொறியாளர் கங்கைக் கால்வாயைத் திட்டமிட்டார். பணி தொடங்கியபோது மேற்பார்வையாளரும் அளவையாளரும் போதிய அளவில் கிடைக்கவில்லை. வேண்டிய ஆட்களை இந்நாட்டிலேயே பயிற்றுவிக்கலாம் என்று முடிவு செய்த தாமசன், 1847இல் ரூர்க்கியில் ஒரு பொறியியல் கல்லூரியை நிறுவினார். ராபர்ட் மக்லகன் அதன் முதல் முதல்வர். இந்திய இளைஞரும் அதில் சேர்க்கப்பட்டனர். மக்கள் மொழியில் கற்பிக்கும் பிரிவும் இருந்தது. நிறுவனரின் மறைவுக்குப் பின் 1854இல் அதற்குத் தாமசன் கல்லூரி என்று பெயரிடப்பட்டது. 1949இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 2001 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. கால்வாயில் நீர் திறக்கப்பட்டது 1854 ஏப்ரலில். அதைக் காணத் தாமசன் இல்லை.

6. விசுவாசமும் ஆட்சியும்

இத்தனை பள்ளிகளை அமைத்த போதகரின் மகன், அவற்றில் வேதபாடத்தை வைக்கவில்லை. அரசுப் பள்ளியில் சமயம் கற்பிப்பதில்லை என்னும் கும்பெனியின் கொள்கையைத் தம் திட்டத்தில் அவர் கடைப்பிடித்தார். இது கோழைத்தனமா? உலகஞானமா?

அவருடைய சொந்த வாழ்வு இதற்கு விடை தருகிறது. கிறிஸ்தவர் என்பதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. மிஷனெரிகளின் நண்பராயிருந்தார். பஞ்சத்தில் அனாதைகளான பிள்ளைகளுக்காகத் திருச்சபை மிஷனெரி சங்கத்தார் ஆக்ராவுக்கு அடுத்த சிகந்தராவில் இல்லம் நடத்தினர். அப்பிள்ளைகள் தொழில் கற்ற அச்சகத்துக்கு அரசின் அச்சுவேலை கிடைத்தது. ஆனால் தனிமனிதனாகத் தாம் செய்யக்கூடியது வேறு, எல்லாருடைய வரிப்பணத்தாலும் எல்லாருக்காகவும் ஆளும் அதிகாரியாகத் தாம் செய்யக்கூடியது வேறு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். குடிமகன் ஒருவன் அதிகாரியைப் பிரியப்படுத்துவதற்காக ஆண்டவருடைய நாமத்தை உச்சரிப்பானாகில், அது சுவிசேஷத்துக்கு வெற்றியன்று, இழுக்கே.

இதனால் சுவிசேஷம் தடைப்பட்டதா என்பதையும் வரலாற்றிலேயே காணலாம். அவருடைய ஆட்சிப் பகுதிக்குள் இருந்த தில்லிக் கல்லூரி சமயம் கற்பிக்காத அரசுக் கல்லூரி. அங்குக் கணித ஆசிரியராயிருந்த ராமச்சந்திரர், தம் கணித நூலால் ஐரோப்பிய அறிஞரின் மதிப்பைப் பெற்றவர். அவர் 1852இல், மருத்துவர் சிமன் லாலுடன், தாமாகவே முன்வந்து ஞானஸ்நானம் பெற்றார். எந்த ஆணையும் அவர்களை அனுப்பவில்லை. பலர் எதிர்ப்பின் நடுவே அவர்கள் வந்தனர். தாமசனின் காலத்திலேயே, 1850இல், ஆக்ராவில் தூய யோவான் கல்லூரியை மிஷன் தொடங்கிற்று. அங்கு வேதம் வெளிப்படையாகக் கற்பிக்கப்பட்டது. அரசு தன் பணியைச் செய்தது. திருச்சபை தன் பணியைச் செய்தது.

7. மறுபக்கம்

நாம் போற்றும் மனிதரின் குறைகளையும் கூறாவிடில் வரலாறு புகழ்மாலையாகிவிடும்.

முதலாவது, உழவனுக்கு அரணாக எண்ணப்பட்ட நிலவரித் திட்டம் அவனுக்குப் பாரமாகவும் இருந்தது. நிகர வருவாயில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்தது. அது அதிகம் என்பதை அரசே உணர்ந்து 1855இல் பாதியாகக் குறைத்தது. வரி செலுத்த இயலாதவரின் நிலம் ஏலத்துக்கு வந்தது; எழுதப்பட்ட ஏடே வட்டிக்காரனுக்கும் வசதியாயிற்று. தாலுக்தார்கள் எனப்பட்ட பெருநிலக்காரரைத் தள்ளிக் கிராமச் சமூகத்தோடு நேரே உடன்படிக்கை செய்ததும் கசப்பை விளைத்தது. 1857இல் அம்மாகாணங்களில் எழுந்த கிளர்ச்சியின் காரணங்களுள் இவற்றையும் சேர்த்து ஆராய்வோர் உளர்.

இரண்டாவது குறை நமக்கு மிக நெருங்கியது. தன் நிலத்தின் ஏட்டைப் படிப்பதற்காகக் கல்வி என்றால், நிலமே இல்லாதவனுக்குக் கல்வி எதற்கு? தாமசனின் வாதத்திலேயே இந்த விரிசல் இருந்தது. ஏட்டில் பெயர் ஏறாத கூலியாளின் மகனும், எந்தச் சாதியிலும் பெண் பிள்ளையும் அவ்வாதத்துக்கு வெளியே நின்றனர். அதே ஆண்டுகளில் திருநெல்வேலியின் தேரிக்காட்டில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1841இல் இடையன்குடியில் குடியேறினார் கால்டுவெல். அவர் மனைவி எலைசா அங்கே பெண் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தார். அப்பிள்ளைகளின் பெயர் எந்த நிலப்பதிவிலும் இல்லை. அவர்கள் கற்கவேண்டியதற்கு அங்கே சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: அவர்கள் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள். இந்தக் காரணத்திற்கு வெளியே நிற்கும் மனிதர் ஒருவருமில்லை.

ஆகவே தாமசனையும் இடையன்குடியையும் எதிரெதிராக நிறுத்தாமல், ஒன்றையொன்று நிறைவுசெய்வனவாகக் காண்பதே முறை. அரசின் கரம் எட்டும் தூரம் பெரிது. ஆனால் அது பதிவேட்டில் உள்ளவரையே முதலில் காண்கிறது. திருச்சபையின் கரம் சிறிது. ஆனால் பதிவேட்டில் இல்லாதவரைத் தேடிச் செல்லவே அது அழைக்கப்பட்டது.

8. நமக்குரிய பாடம்

இன்று நம் பேராயங்களின் பள்ளிகளும் கல்லூரிகளும் பெரும் அமைப்புகளாக வளர்ந்துள்ளன. அவற்றை நடத்தும் பொறுப்பு குருமார் பலரின் கையில் உள்ளது. தாமசனிடம் நாம் கற்கவேண்டியவை சில.

தந்தையின் திட்டம் தோல்வியுற்றதாகத் தோன்றியது. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அது மகன் கையில் முளைத்தது. ஊழியத்தில் விதைக்கிறவனும் அறுக்கிறவனும் ஒருவனாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பெரிய திட்டம் மறுக்கப்பட்டபோது சிறிய திட்டத்தோடு திரும்பிவந்த அவருடைய பொறுமையும் நமக்கு வேண்டும். பொதுப்பணத்தையும் பொது அதிகாரத்தையும் தன் சொந்தப் பற்றுக்காக வளைக்காத நேர்மையோ, எல்லாவற்றிலும் முதன்மையானது. வேறு சமயத்தார் நம் நிர்வாகத்தில் அஞ்சாமல் நீதி பெறுவார்களாகில், அதுவும் ஒரு சாட்சியே.

ஆனால் அவர் விட்ட இடத்தில் நாம் தொடங்கவேண்டும். நம் பள்ளிகளின் சேர்க்கைப் பட்டியலை எடுத்துப் பார்ப்போம். கட்டணம் செலுத்த வல்லவர் பெயர்கள் அங்கே இருக்கும். ஒருகாலத்தில் யாருக்காக அப்பள்ளி தொடங்கப்பட்டதோ, அந்தக் கூலியாளின் பிள்ளை பெயர் அதில் இருக்கிறதா? திண்ணைக்கு வந்த முதியவர் பத்திரத்தை நீட்டிக் கேட்டதும் இதே கேள்விதான்: "ஐயா, என் பெயர் இதிலே இருக்கிறதா?" அதற்கு உண்மையாக விடை சொல்லும் கடமை நம்முடையது.